வாடகைக்குப் போகாத பச்சைக் கூடாரம்

தாமு மச்சானுக்கு,

நீ இருக்கிற இடத்தில் நல்லா காற்று அடிக்கட்டும்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. உன் தங்கச்சி வந்துவிட்டாள், மச்சான். கூடாரத்துக்குள் படுத்தாள், தூங்கினாள், காலையில் எழுந்து, "இன்னொரு நாள் இருந்துட்டுப் போலாமா?" என்று கேட்டாள். கிண்டல் பண்ணுகிறாளோ என்று நான் அவள் முகத்தை இரண்டு தடவை பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள்.

நீ எத்தனை வருஷம் கூப்பிட்டாய்! காட்டாங்குளத்தூர் கல்லூரியில் ஆய்வக வேலை பார்த்தபோது பையன்களோடு மலையேறப் போய் உனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. ஒரு பச்சைக் கூடாரம் வாங்கினாய். உங்களுக்குப் பிள்ளை இல்லை; கோடை விடுமுறை வந்தால் என் மகள் கவியாவை அள்ளிக்கொண்டு போய்விடுவாய். ஏலகிரி, கொல்லிமலை, கோவளம். மூட்டை தூக்க நான், சமையலுக்கு உன் வீட்டுக்காரி ராணி அக்கா. உன் தங்கச்சி வசந்தி மட்டும் எங்களை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

"வீட்ல ஃபேன் ஓடுது, கட்டில் கிடக்குது. அதை விட்டுட்டு மணல்ல போய் உருளணுமா? போங்க, நீங்களும் உங்க மச்சானும்!"

கொசு என்பாள். பாத்ரூம் என்பாள். வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்பாள். நான் வியாபாரி. கடைக்கு வந்து, சரக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் விலை ஜாஸ்தி என்று சொல்கிற ஆளுக்கு உண்மையான காரணம் வேறு எங்கோ இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டு ஆளிடம் அதைத் தேடிப் பார்க்கத் தோன்றவில்லை.

நீ போன பிறகு ஒரு கோடை சும்மா கழிந்தது. யாரும் கூடாரம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இந்தக் கோடைக்கு முன்னால் கவியா பிளஸ் டூ பரீட்சை முடித்தாள். கோயம்புத்தூரில் கல்லூரி, ஹாஸ்டல். ஜூனில் கிளம்ப வேண்டும். ஒரு நாள் சாப்பிடும்போது நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"கோவளம் போலாமா பாப்பா, கூடாரம் போட்டு?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மாவும் வந்தா போலாம்பா. மாமாவும் இல்லாம, அம்மாவும் இல்லாம, நீங்களும் நானும் மட்டும் போய் மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கிறதா? அதுக்கு வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. இந்த மே மாதம் போனால் அவ்வளவுதான், நீ ஆரம்பித்து வைத்த ஒன்று நம் குடும்பத்தில் முடிந்துவிடும் என்று புரிந்தது. வசந்தியைக் கிளப்பியே ஆகவேண்டும்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். சரக்கைப் பற்றிப் பேசாதே, ஆளைத் தொட்டுப் பார்க்கவை. ஆகவே நம் வீட்டு மொட்டை மாடியிலேயே ஒரு கூடாரம் போட்டுக் காட்டலாம் என்று முடிவு பண்ணினேன். வீடு கீழேயே இருக்கிறது, பாத்ரூம் இருக்கிறது, பயமில்லை. ஒரு நாள் படுத்துப் பார்க்கட்டும். பிடித்தால் கோவளம்.

கூடாரத்தைக் காசு கொடுத்து வாங்கவா? தாம்பரத்தில் ஷாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன் நான். என்னிடம் இல்லாத துணியா? கடையிலிருந்து நாலு சவுக்குக் கழி, ஒரு தார்ப்பாய், நல்லதாக ஒரு துணி எடுத்து வந்து, தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஒரு பக்கம் கயிறு கட்டி, பிரமாதமாகப் போட்டேன். பந்தல்காரன் போட்ட கூடாரம். இழுத்துக் கட்டினால் ஒரு சுருக்கம் இருக்காது, உனக்குத் தெரியும்.

சாயங்காலம் வசந்தி தலையணையும் கையுமாக மேலே வந்தாள். மகளுக்காகத்தான் வந்தாள். முகத்தில், 'சரி, தொலையுது' என்று எழுதியிருந்தது. அதுவும் முன்னேற்றம்தானே என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் புருஷோத்தமன் தெருவிலிருந்து தலையைத் தூக்கிக் கத்தினான்: "இன்னாண்ணா, மாடி மேல துணி கட்டிகினு கீற? நல்லதா, கெட்டதா?"

உனக்கு அது புதிதில்லை. என் கடைக்கு எப்போது போன் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி அது. நல்லதென்றால் கலர் துணி, கெட்டதென்றால் வெள்ளை. இரண்டையும் தனித்தனியாகத் துவைத்து, தனித்தனி அறையில் வைப்போம். நாற்காலியும் தார்ப்பாயும் மட்டும் எல்லா வீட்டுக்கும் போகும், வரும். என்னைக் கிண்டல் பண்ணுவதற்காகத் தெருவே அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நானும் சிரித்துக்கொண்டே, "ரெண்டும் இல்லடா, போடா வூட்டுக்கு!" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் வசந்தி சிரிக்கவில்லை. கீழே விரித்திருந்த தார்ப்பாயைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது கடைசியா எந்த வீட்டுக்குப் போச்சு?" என்று கேட்டாள்.

மச்சான், நான் யாரிடமும் சரக்கைப் பற்றிப் பொய் சொன்னதில்லை. கிழிந்ததைக் கிழிந்தது என்றுதான் சொல்லிக் கொடுப்பேன். கட்டினவளிடம் எப்படிச் சொல்வேன்? "தெரியல வசந்தி. தொவைச்சுதான் வந்துச்சு" என்றேன்.

"இருபது வருஷமா நீங்க போன்ல கேக்கிறதைக் கேட்டுக்கிட்டுதான் சமைக்கிறேன். நல்லதா, கெட்டதா. துணி கட்டினா ஒண்ணு கல்யாணம், இல்ல சாவு. அண்ணன் வீட்டு வாசல்லயும் நீங்கதான் கட்டினீங்க. அன்னிக்கு முழுக்க அந்தத் துணியை அண்ணாந்து பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அதுக்கு அடியில என்னைப் படுக்கச் சொல்றீங்க, அதுவும் ஜாலிக்கு."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். தலையணையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். கவியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

உன் வாசலுக்கு வேறு ஆளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, மச்சான். அதனால்தான் நானே ஏணி ஏறினேன். அது உனக்குச் செய்த மரியாதை என்று நினைத்திருந்தேன். அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தவளை நினைக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். நீ உயிரோடு இருந்தபோது அவளை ஒரு அளவுக்கு மேல் வற்புறுத்தியதே இல்லையே? "வராட்டி போ, உனக்கும் சேர்த்து நாங்க கடலைப் பாத்துட்டு வரோம்" என்று விட்டுவிடுவாய். உனக்கு முதலிலேயே தெரியுமா? தெரிந்திருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சரக்கை வைத்துவிட்டுப் போகிறவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விலை குறைத்தால், சரக்கில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார். அவர் கேட்டது என்ன என்று யோசிக்க வேண்டும். வசந்தி கேட்டது என்ன? இந்தத் துணி எந்த வீட்டுக்குப் போனது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய துணி ஒன்று உலகத்தில் இருக்கிறதா?

கடையில் ஒருத்தருக்குத் தட்டு, பாத்திரம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பளிச்சென்று தோன்றியது. எண்ணுவதை அப்படியே விட்டுவிட்டுக் குன்றத்தூருக்கு வண்டியை விட்டேன்.

ராணி அக்கா நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள், ஆனால் வாய் இளைக்கவில்லை. முருகன் மலைக்குப் படியேறிப் போகிறாளாம், வாரா வாரம். விஷயத்தைச் சொன்னதும் பரண் மேல் கையைக் காட்டினாள்.

"எப்ப வந்து கேப்பீங்கன்னு பாத்துகினே இருந்தேன். பந்தல்காரருக்கு எதுக்கு இத்துனூண்டு கூடாரம்னு நானா குடுக்கல. எடுத்துக்கோங்க. ஜிப்பு மக்கர் பண்ணும், மெழுகுவத்தி தேய்ங்க, உங்க மச்சான் அப்படித்தான் பண்ணுவாரு."

பச்சைப் பையைக் கொண்டுவந்து நம் ஹாலில் வைத்தேன். வசந்தி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்கெங்க போச்சுன்னு உனக்கே தெரியும். தெரியலன்னா கவியாவைக் கேளு" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஹால் முழுக்கக் கூடாரம் விரிந்து கிடந்தது. சோபாவை ஓரம் தள்ளியிருந்தார்கள். உதறியபோது கொட்டிய கோவளத்து மணல் டைல்ஸ் மேல் கிடந்தது. தரையில் ஒரு முடி கிடந்தால் துடைப்பத்தைத் தேடுகிறவள் வசந்தி. மணலுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கவியா ஒவ்வொரு கறையாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இது மாமா காபி கொட்டினது, ஏலகிரில. இந்த ஒட்டு, கொல்லிமலைல குரங்கு கிழிச்சது. அது உள்ள வந்துடுச்சும்மா! மாமா ஒரே ஓட்டம், லுங்கியோட."

"உங்க மாமாவா ஓடினாரு? என்கிட்ட குரங்கை விரட்டினேன்னு இல்ல சொன்னாரு?"

"குரங்குதான் மாமாவை விரட்டுச்சு."

வசந்தி சிரித்தாள், மச்சான். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "பாத்ரூம் இருக்கணும். அடுப்புப் பக்கம் நான் வரமாட்டேன். அதுக்கு ஒத்துக்கிட்டா சொல்லுங்க" என்றாள். இப்படி ஒரு வாடிக்கையாளர் வந்தால் நான் பேரம் பேசுவேனா?

முகூர்த்தம் இல்லாத ஒரு சனிக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினோம். வண்டலூர் தாண்டுவதற்குள் நெரிசலில் பாதி உயிர் போய்விட்டது. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வந்த பிறகு அந்தப் பக்கம் அப்படித்தான். கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய், அதற்குக் கொஞ்சம் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பு. தோப்புக்காரர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் பந்தல் போட்டேன். தோப்புக்குள் மோட்டார் ரூம், பக்கத்தில் சுத்தமான பாத்ரூம். வசந்தி முதலில் அதைத்தான் போய்ப் பார்த்தாள். தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்துகூடப் பார்த்தாள்.

நான் கூடாரத்தை விரித்து ஆணியை அடித்தேன். மணலில் ஆணி நிற்கவில்லை. மறுபடி அடித்தேன். கவியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, அதெல்லாம் மணல்ல நிக்காது. பையில மணல் ரொப்பி, கயிறு கட்டிப் புதைக்கணும். மாமா சொல்லிக் குடுத்தது."

"ஊருக்கெல்லாம் பந்தல் போடறவரு!" என்று வசந்தி அங்கிருந்தே கொக்கரித்தாள். "போர்டை மாத்தி எழுதுங்க. கவியா பந்தல் சப்ளையர்ஸ்!"

நான் தலையைக் குனிந்துகொண்டு பையில் மணல் ரொப்பினேன். உன்னோடு வந்தபோதெல்லாம் மூட்டையை இறக்கியதும் மரத்தடியில் சாய்ந்துவிட்டவன் நான். இதையெல்லாம் எங்கே பார்த்தேன்?

மே மாதத்து வெக்கையில் உள்ளே இட்லி மாதிரி அவிந்துபோவோம் என்று பயந்திருந்தேன். வெயில் இறங்கியதும் கடல்காற்று வந்து கூடாரத்தை உப்ப வைத்தது. வசந்தி வாசல் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்தாள். நானும் கவியாவும் முட்டை பொரித்துக் கருக்கினோம். நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லிச் சாப்பிட்டாள். படுத்த பிறகு கொஞ்ச நேரம் மேலே துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் இங்கதான் தலை வெச்சுப் படுக்குமா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் நகர்ந்து படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை. உன் குடும்பத்துக் குறட்டைதான், சந்தேகமே இல்லை.

காலையில் கூடையோடு ஒரு மீன்கார அம்மா தோப்பு வழியாக வந்தாள். பச்சைக் கூடாரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னாமே, துணி கட்டிகினு கீறீங்க. இன்னா விசேஷம்?"

வாய்தவறி நான் ஏதாவது சொல்வதற்குள் வசந்தி முந்திக்கொண்டாள். தலைகூட வாரவில்லை, புடவையெல்லாம் மணல். "விசேஷம் ஒண்ணும் இல்லக்கா. சும்மா வந்தோம்" என்றாள்.

"சும்மாவா?"

"சும்மாதான். சங்கரா எப்படிக் குடுக்கறீங்க?"

இத்தனை வருஷத்தில் சும்மா என்று சொல்லி யாரும் என்னிடம் துணி கேட்டதில்லை, மச்சான். நல்லதுக்குக் கேட்டார்கள், கெட்டதுக்குக் கேட்டார்கள். நீ மட்டும்தான் சும்மா துணி கட்டினாய். உன் தங்கச்சி இப்போதுதான் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறாள். மீனைப் பாதி விலைக்கு அடித்துப் பேசி வாங்கிவிட்டு, "இன்னொரு நாள் இருந்துட்டுப் போலாமா?" என்று கேட்டது அதற்கப்புறம்தான்.

இருந்துவிட்டுத்தான் வந்தோம். கடையைப் பையன்கள் பார்த்துக்கொண்டார்கள். கவியா ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அவள் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய மணல் இருந்ததை வசந்தி பார்த்தும் பார்க்காதது மாதிரி விட்டுவிட்டாள். ஆயுத பூஜை லீவில் மகள் வந்ததும் ஏலகிரி என்று அவளே நாள் பார்த்து வைத்திருக்கிறாள். ராணி அக்காவும் வருகிறாள். வாரா வாரம் மலை ஏறிப் பழகுவதால் இந்தத் தடவை மூட்டையைத் தானே தூக்குவதாகச் சவால் விட்டிருக்கிறாள்.

உனக்கு ஒரு வாக்கு. உன் கூடாரம் என் கடை வாசலைக்கூட மிதிக்காது. யார் வந்து என்ன விலை கேட்டாலும் வாடகைக்குப் போகாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதற்கு வெளிக்காற்று காட்டுவேன். ஜிப்புக்கு மெழுகு நானே தேய்ப்பேன். அது எங்கே போனது என்று வசந்தி எப்போது கேட்டாலும் எங்களில் யாராவது ஒருத்தருக்குப் பதில் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
மணலில் ஆணி அடிக்கக்கூடாது என்று இப்போதுதான் கற்றுக்கொண்ட,
உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
மச்சான் ஏழுமலை