வான்ஹோப்புக்கு ஒரு தேதி

அகராதி அலுவலகம், லண்டன்
2 மார்ச் 1926

அன்புள்ள திரு. கெண்டல் அவர்களுக்கு,

நலம்தானே? உங்கள் மனைவி டோரா அனுப்பிய பிளம் ஜாம் இரண்டே நாளில் தீர்ந்தது. எனக்குக் கிடைத்தது ஒரு கரண்டி.

பழைய நூல்களைப் படித்து, சொல்லையும் அது வரும் வரியையும் சீட்டில் எழுதிப் பதினெட்டு வருடங்களாக அனுப்புகிறீர்கள். தேதியில்லாமல் ஒன்றும் வந்ததில்லை. இந்த முறை ஒன்று வந்திருக்கிறது. சொல்: வான்ஹோப். வரி: ‘மூழ்கி இறந்தான், வான்ஹோப்பினால்.’ ஆதாரம்: ஹார்த்வெயிட் தேவாலய அடக்கப் பதிவேடு. வருடம் எங்கே?

நம்பிக்கை இற்றுப்போவதற்கு அந்தக் காலத்து ஆங்கிலத்தில் இருந்த சொல் இது. முன்பாதி குறைவைக் குறிக்கும். நிலா தேய்வதைச் சொல்லும் சொல்லுக்கு உறவு. 1300 வாக்கில் எழுத்தில் வருகிறது. வெறும் சோர்வல்ல. கடவுளாலும் தன்னை மன்னிக்க முடியாது என்று ஒருவன் முடிவுகட்டுவது. பாதிரியார்கள் அதைப் பாவம் என்றார்கள். 1600க்குள் மறைந்துவிட்டது என்பது இதுவரை எங்கள் முடிவு. உங்கள் பதிவேடு அதற்குப் பிந்தையது என்றால் அதைத் திருத்தி எழுத வேண்டும். பக்கங்கள் 20ஆம் தேதி அச்சுக்குப் போகின்றன.

அன்புடன்,
ஹெஸ்டர் பெல்

ஹார்த்வெயிட்
5 மார்ச் 1926

அன்புள்ள மிஸ் பெல் அவர்களுக்கு,

அந்தச் சீட்டு தவறி வந்துவிட்டது. திருப்பி அனுப்பிவிடுங்கள். பார்சல் கட்டுவது டோராவின் வேலை. கண்ணில் பட்டதையெல்லாம் வைத்துவிட்டாள்.

அவளும் கோபத்தில் இருக்கிறாள். “லண்டன்காரிக்கு எழுத நேரமிருக்கு. நம்ம புள்ள கல்லறையில கல்லு நட்டு ஆறு வருஷமாச்சு, அதுல ஒரு வரி எழுத ஒங்களுக்கு நேரமில்ல” என்கிறாள்.

தங்கள்,
ஆம்ப்ரோஸ் கெண்டல்

லண்டன்
9 மார்ச் 1926

அன்புள்ள திரு. கெண்டல் அவர்களுக்கு,

தவறி வந்தது என்றால் என்ன பொருள்? வரி பொய்யா, ஊர் பொய்யா? தலைமைப் பதிப்பாசிரியர் காலையில், “ஜாம் குடுத்தவருங்கிறதால சீட்டத் திருப்பிக் குடுத்துருவீங்களோ, மிஸ் பெல்?” என்றார். அறையே சிரித்தது.

நீங்கள் அந்தத் தேவாலயத்தின் எழுத்தர். பதிவேடு உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 13ஆம் தேதிக்குள் வருடம் வராவிட்டால் உங்கள் புதிய பாதிரியாருக்கே எழுதுவேன். பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் படித்தவராமே.

ஹெஸ்டர் பெல்

ஹார்த்வெயிட்
11 மார்ச் 1926

அன்புள்ள மிஸ் பெல்,

பாதிரியாருக்கு எழுதாதீர்கள். வருடம் 1920. எழுதியவன் நான். இறந்தவன் என் மகன் வில்ஃப்.

போரிலிருந்து திரும்பி ஒன்றரை வருடம் இருந்தான். பிறகு கல்குவாரிக் குளம். விசாரணை அதிகாரி, கால் தவறியது என்றார். “மழ பேஞ்ச கல்லு, வழுக்கிருச்சு” என்று டோரா இன்றும் வருகிறவர்களிடம் சொல்கிறாள். அவன் மேஜையில் இருந்த காகிதத்தைப் படித்தவன் நான் மட்டும். ‘அங்க நான் செஞ்சத யாராலயும் மன்னிக்க முடியாதுப்பா’ என்று இருந்தது. எரித்துவிட்டேன்.

தற்கொலை என்றால் பிரார்த்தனை இல்லாமல் புதைப்பார்கள். விபத்து என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை. அதனால் ஊரில் யாருக்கும் தெரியாத சொல்லைப் போட்டேன். பழைய பாதிரியார், “இதென்ன, கெண்டல்?” என்றார். “தண்ணியில போனவங்களுக்கு எழுதுற பழைய சொல்லுங்கய்யா” என்றேன். கையெழுத்திட்டார். வீட்டுக்கு வந்ததும், வருடக்கணக்கான பழக்கம், சீட்டும் எழுதினேன். ஒரு புத்தகத்துக்குள் கிடந்தது.

புதியவர் அந்த வரியைப் பார்த்தால் புரிந்துகொள்வார். ஞாயிறுதோறும் டோராவிடம் நின்று பேசுகிறவர் அவர். அவள் தாங்கமாட்டாள்.

ஆம்ப்ரோஸ்

லண்டன்
13 மார்ச் 1926

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. பாதிரியாருக்கு 10ஆம் தேதியே எழுதிவிட்டேன். சொன்ன நாள்வரை நான் காத்திருக்கவில்லை. மன்னியுங்கள்.

1600 முதல் 1800 வரை தேடும்படிதான் கேட்டிருந்தேன். இல்லை என்று மதியம் பதில் வந்தது. பிந்தைய வருடங்களிலும் தேடட்டுமா என்று ஆர்வமாகக் கேட்டிருக்கிறார். வேண்டாம், சீட்டில் ஊர்ப்பெயர் பிழை என்று எழுதிவிட்டேன். இந்த வேலையில் நான் எழுதிய முதல் பொய். அவர் அதோடு விடுவாரா என்று எனக்குத் தெரியாது.

1600க்குப் பின் ஆதாரமில்லை என்றே அச்சாகும். வில்ஃபைப் பற்றி டோராவுக்கு என் மூலம் எதுவும் தெரியவராது. சீட்டு இத்துடன்.

ஹெஸ்டர்

ஹார்த்வெயிட்
16 மார்ச் 1926

அன்புள்ள ஹெஸ்டர்,

உங்கள் உறை வந்தபோது நான் தேவாலயத்தில் இருந்தேன். டோரா பிரித்துப் படித்துவிட்டாள்.

“அந்தச் சீட்டு தவறிப் போகல, நாந்தான் வெச்சேன்” என்றாள். “இந்த ஊர்ல மூழ்கினவன் அவன் ஒருத்தன்தானே. அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா நீங்க சொல்லமாட்டீங்க, அவங்க சொல்லுவாங்கன்னு வெச்சேன். மொத கடிதாசியிலயே சொல்லிட்டாங்க. நீங்களா வாயத் தொறப்பீங்கன்னு இத்தன நாளு பாத்துக்கிட்டிருந்தேன்.”

ஆறு வருடமாக ஏன் மழையைச் சொல்லிவந்தாய் என்று கேட்டேன். “எனக்கு அன்னிக்கே தோணிருச்சு. ஒங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னேன்” என்றாள். பாதிரியாரிடம் காலையில் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

நாளைய ரயிலில் போனால் இது 20ஆம் தேதிக்குள் உங்களிடம் சேரும். ஊர்ப்பெயரோடு அச்சிடச் சொல்கிறாள். சீட்டு இத்துடன். தேதி அவள் கையெழுத்து.

ஆம்ப்ரோஸ்