கபுருக்குக் கொண்டுபோன கொப்பு

ஜூலை 2, புதன்

கச்சான் காற்று. வாசல் முழுக்க மணல். செடி செத்துவிட்டது. நேற்றே தெரியும், இன்றுதான் எழுத வருகிறது.

மகள் சபீனா ஸ்காட்லாந்திலிருந்து வந்தபோது ஈரப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்த ஹீதர். அங்கே மலையெல்லாம் தானாக முளைக்கும் புதர், ஊதாப் பூ. அவள் பிள்ளை மூன்று நாள்தான் இருந்தான். அடக்கிய இடத்துக்குப் பக்கத்தில் நின்றதை வேரோடு எடுத்திருக்கிறாள். "பிள்ளையக் கொண்டார முடியல வாப்பா. இதையாவது பாத்துக்கங்க. உப்புத் தண்ணி மட்டும் வேணாம்."

கேன் தண்ணீர்க்காரர் நாலு நாள் வரவில்லை. மிச்சமிருந்ததில் எனக்கு டீ. செடிக்கு உப்புக் கரிக்கும் போர் தண்ணீர். தெருமுனைக் கடைக்கு நடக்கச் சோம்பல், அவ்வளவுதான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

ஜூலை 4, வெள்ளி

ராமநாதபுரம். பல்பு, மாத்திரை வாங்கியாச்சு. குடையை பஸ்ஸில் விட்டேன். நர்சரிக்காரர் காய்ந்த குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம தண்ணிக்கு நிக்காது பாய். இங்கன கூபியா இருக்கு, கொண்டு போங்க. பூ கிட்டத்தட்ட அதே மாதிரிதான். யாருக்குத் தெரியப் போகுது?"

அதே தொட்டியில் வைத்து போட்டோ அனுப்பினேன். சபீனா: "மாஷா அல்லாஹ், பூத்துருச்சா?" ஆமாம் என்றேன். திருட்டு வேலை, இந்த வயசில்.

ஜூலை 9, புதன்

தினமும் வீடியோவில் தொட்டியைக் காட்டச் சொல்கிறாள். பூவிடம் ஏதோ மெதுவாகப் பேசுகிறாள். நான் போனைப் பிடித்தபடி சுவரைப் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இன்று சொல்லிவிட வாயெடுத்தேன். மருமகன் குறுக்கே வந்தார். "மாமா, இப்பத்தான் ரெண்டு வாய் ஒழுங்காச் சாப்பிடுறா." தொட்டியை இன்னும் கிட்டக் காட்டினேன்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆவுக்கு முன் போன். "உம்மா பேரனைப் பாக்காமலே மவுத்தாப் போயிட்டாக வாப்பா. அதுல ஒரு கொப்பு ஒடிச்சு உம்மா கபுருல ஊனி வைங்க. போட்டோ அனுப்புங்க." சரி என்றேன். கத்தரிக்கோல் தேடியே அரைமணி.

தொழுதுவிட்டு மையவாடி. நல்ல வெயில். என் பெண்டாட்டி ரஹ்மத்தை அடக்கிய இடத்தில் நின்று சலாம் சொன்னேன். உயிரோடு இருந்தபோது அவளிடம் சொல்லாத பொய்யா? ஆனால் இப்படி ஒன்று சொன்னதில்லை. ஊன்றினேன். போட்டோ அனுப்பினேன்.

உடனே பதில்: "இப்ப ரெண்டு பேரும் ஒண்ணா இருக்காக வாப்பா. இனிமே அழ மாட்டேன்."

கொப்பைப் பிடுங்கப் போன கையை எடுத்துக்கொண்டேன்.