சிவப்பு எழுத்தில் பதினோரு தடவை

8, திங்கள்

காலையிலிருந்து தூறல். மாரிகுப்பம் ரயில் இருபது நிமிஷம் லேட்டு. வைட்ஃபீல்ட்ல இறங்கி மேரி அக்கா சமையல் வேலைக்கு அபார்ட்மென்ட் பக்கம், நான் ஆபீஸ் பக்கம். குடை அவகிட்ட. நல்லா நனைஞ்சேன்.

பிரசாந்த் (இவனெல்லாம் மேனேஜராம்) புது வேலை கொடுத்தான். எங்க கம்பெனி போன் ஆப் அபார்ட்மென்ட் கேட்டுக்கானது. வேலைக்கு வர்றவங்களைப் பத்தி ஃப்ளாட்காரங்க குறிப்பு எழுதலாம், அது கேட்ல செக்யூரிட்டி டேப்லட்ல தெரியும். அந்தக் குறிப்புப் பெட்டியில எவனாவது ஸ்கிரிப்ட், அதாவது குட்டி புரோகிராம், எழுதி விட்டா, திறக்கிற டேப்லட்ல அது ஓட ஆரம்பிச்சிடும். ஆடிட்காரன் இப்பதான் கண்டுபிடிச்சானாம். நான் போன வருஷமே மெயில் போட்டேன். கான்ட்ராக்ட்காரி மெயிலை எவன் படிக்கிறான்.

எங்களுக்கு வெப்சைட்ல போய் மாத்த அனுமதி கிடையாது. கறுப்பு ஸ்கிரீன், கமாண்ட் லைன், அவ்வளவுதான். "ரெண்டு வரிதானே ஸ்டெல்லா?" ஜென்மத்துல ரெண்டு வரி அடிச்சிருப்பானா அவன்.

9, செவ்வாய்

வெயில். செஞ்சது:
- ஆப்ல அடிக்கிறதையெல்லாம் வடிகட்டற ஃபயர்வால் ரூல் எல்லாம் இறக்கினேன்
- ஸ்கிரிப்டைத் தடுக்கற ரூல் (XSS) சேர்த்தேன்
- திருப்பி ஏத்தினா உள்ளே விடற டோக்கன் பழசாம். புது டோக்கன், மறுபடி. மூணு தடவை

அரை மணிக்கு ஒரு தரம் பிரசாந்த்: "ஆய்த்தா?" ஆகல போடா. (மனசுல.)

முதல்ல எத்தனை ஸ்கிரிப்ட் வருதுன்னு எண்ணிக்கை மட்டும் எடு, தடுக்காதேன்னான். ஃப்ளாட்காரங்க கோவிச்சுப்பாங்களாம். காவலுக்கு நாயை வெச்சு வாயைக் கட்டச் சொல்றான். நான் தடுப்பாவே போட்டேன். சோதனைக்கு நானே ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பினேன். 403, போ வெளியே. அழகு!

திரும்பி வர்ற வண்டியில அக்கா: "பி பிளாக் வீட்டை விட்டுட்டேன்டி. மூணு பேருன்னு சொல்லிட்டு ஏழு பேருக்கு ஆக்கச் சொல்றா. சி பிளாக்ல கேட்டிருக்காங்க." நல்லதுன்னேன்.

10, புதன்

ரூல் தடுத்ததோட பதிவு, லாக், பாத்தேன். தடுத்ததுல என்னோட சோதனை ஒண்ணு. மிச்சம் பதினொண்ணும் ஒரே ஆள், பி பிளாக்.

ஹேக்கர் இல்ல. வீட்டம்மா. எங்கேயோ கலர் போட்டு அடிச்சு, அதை அப்படியே கொண்டுவந்து பெட்டியில ஒட்டியிருக்கா. கலருக்குள்ள ஒளிஞ்சிருக்கற புரோகிராம் வரியை ஸ்கிரிப்ட்னு நெனச்சு ரூல் பிடிச்சிடுச்சு. சிவப்பு, தடிமன், அடிக்கோடு:

"மேரி, குக். திருட்டுக் கை. எந்த ஃப்ளாட்டுக்கும் உள்ளே விடாதீர்கள்."

எங்க அக்கா.

பாத்ரூம்ல போய் நின்னேன். இது சேவ் ஆனா கேட்லயே நிறுத்திடுவாங்க. சி பிளாக் மட்டும் இல்ல, அவ செய்யற நாலு வீடும் போச்சு. வேலைய விட்டதுக்குப் பழி.

கலரை எடுத்துட்டு அடிச்சா ஒரு நொடியில போயிடும். சனியனுக்குக் கலர் இல்லாம திட்ட மனசு வரல! பதினோரு தடவையும் அதே சிவப்பு. இதுங்கதான் படிச்ச கூட்டம்.

11, வியாழன்

வீட்டம்மா கம்ப்ளெயின்ட் கொடுத்திருக்கா. பிரசாந்த்: அந்தப் பெட்டிக்கு மட்டும் விலக்கு போடு. அப்புறம் ரூல் எதுக்கு, ஆடிட்ல நீயே பதில் சொல்லுன்னேன். உடனே வழி மாத்தினான்: "சரி, நீ போன் பண்ணு. கலர் இல்லாம போடச் சொல்லு. அவங்களும் தமிழ்தானே." நாளைக்குன்னேன்.

மேரி என் அக்கான்னு அவன்கிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லல. அக்கா ஹோட்டல் லைன்ல இருக்கான்னுதான் ஆபீஸ்ல சொல்லி வெச்சிருக்கேன். இந்த மூஞ்சிக்கு மத்தவங்களைத் திட்ட என்ன யோக்கியதை.

வண்டியில அக்கா ஒரே சிரிப்பு. சி பிளாக்ல மொத நாளே ரசம் நல்லாயிருக்குன்னாங்களாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

12, வெள்ளி

மழை இல்ல. டீ குடிக்கல. மூணரைக்கு வீட்டம்மாவுக்குப் போன் போட்டேன், ஆப் கம்பெனின்னு.

"அப்பாடா, ஏம்மா அது சேவ் ஆகவே மாட்டேங்குது?"

"என்ன திருடினா மேடம்?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? திடீர்னு நின்னுட்டா. இதுங்களுக்கு ஒரு பாடம் வேணும்ல. எப்படிப் போடறதுன்னு சொல்லு."

கலரை எடுங்கன்னா போதும். ரெண்டே வார்த்தை. சம்பளமே அதுக்குத்தான். வாய் வரல.

"மேரி என் அக்கா, மேடம்."

"என்னது?"

"கூடப் பொறந்தவ. பதினோரு தடவை எழுதினீங்க, பதினொண்ணையும் படிச்சேன்."

"உன் பேரென்ன? மேனேஜர் யாரு?"

"ஸ்டெல்லா. மேனேஜர் பிரசாந்த். எழுதிக்கோங்க மேடம், சிவப்புலயே எழுதிக்கோங்க."

வெச்சுட்டா. அங்க பிரசாந்த் போன் அடிக்குது.