பொதுச்சுவரில் ஒரு கசிவு

14 மே 2079, காலை 8.50
வேலூர், கிழக்கு அடுக்ககம், ஒன்பதாம் மாடி. பதிவது வேதவல்லி. வெளியே 49 டிகிரி, உள்ளே 27. ஏசி வடிகட்டியைக் கழுவி உலர்த்தி மாட்டினேன். தண்ணீர்க் குழாயில் அடைப்பில்லை. என் கணவர் தயாபரன் வெப்பத்தாக்கத்தில் விழுந்து மூன்றாம் நாள். அறை 35ஐத் தாண்டினால் அவர் இதயம் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வெப்ப ஊரடங்கு: ஒன்பது மணிக்குத் தெருக்கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். மாலை ஆறு வரை யாரும், ஆம்புலன்ஸ்கூட, வரவோ போகவோ முடியாது.

காலை 11.20
உள்ளே 31. ஏசியின் விசிறி சுற்றுகிறது, குளிர் இல்லை. சேவை மையத்தின் பதில்:
"கேஸ் கம்மியா இருக்கும் மேடம். ஆறு மணிக்கு மேல ஆள் வந்து போட்டுடுவாரு."
கேஸ் தானாகத் தீராது. கசிந்தால்தான் குறையும். போன வருடமும் கேஸ்தான் போட்டார்கள். கசிவைத் தேடச் சொன்னேன். டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

பிற்பகல் 12.40
33. வெளியே தெரியும் செப்புக்குழாய் முழுக்கச் சோப்பு நுரை தடவினேன். குமிழி இல்லை. மீதியை அழகுக்காகச் சுவருக்குள் புதைத்துப் பூசியிருக்கிறார்கள். உளியும் சுத்தியலும் எடுத்தேன்.

பிற்பகல் 1.30
34. சுவருக்குள் ஓர் இணைப்பு. இணைப்பை அங்கே வைக்கவே கூடாது. அதன்மேல் கறுப்பு டேப், எண்ணெய் ஊறிப்போய். கசிகிறது என்று தெரிந்தே டேப் சுற்றி, மேலே சிமென்ட் பூசியிருக்கிறான் ஒருவன். நட்டை இறுக்கினேன். உள்ளே கேஸ் இல்லை. இறுக்கி என்ன பயன்.

பிற்பகல் 2.05
பக்கத்து வீட்டுச் சந்திரமோகனை இன்டர்காமில் கூப்பிட்டேன். தயாபரனை மட்டும் உங்கள் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன்.
"உங்களுக்குத் தெரியாததாக்கா? கதவத் தெறந்தா காரிடார் சூடு பூரா உள்ள வந்துரும். எங்க ஏசியே திணறிக்கிட்டிருக்கு. கைக்குழந்தை வேற."
போன மாதம் அவர் ஏசி நின்றபோது அதே கைக்குழந்தைக்கு எங்கள் ஏசிக்கு நேராகத் தொட்டில் கட்டியது நான்.

பிற்பகல் 2.40
36. தயாபரனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் பாதி உடைத்திருப்பது பொதுச்சுவர். அந்தப் பக்கம் சந்திரமோகனின் படுக்கையறை.

பிற்பகல் 3.15
கை நுழையுமளவு ஓட்டை. குளிர் வருகிறது. தயாபரனின் தலையை அதற்கு நேராக வைத்தேன். கண் திறந்தார். ஓட்டைக்கு அந்தப் பக்கமிருந்து சந்திரமோகன்:
"நிறுத்துங்கக்கா. குழந்தை தூங்குற ரூம் இது."

பிற்பகல் 3.20
அந்தப் பக்கமிருந்து போர்வையைத் திணிக்கிறார். இழுத்தேன். மறுபடி திணிக்கிறார்.

பிற்பகல் 3.32
37. இப்போது தலையணை. பிடுங்க முடியவில்லை. முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டு நிற்கிறார். குழந்தை அழுவது கேட்கிறது. தயாபரன் கண் மூடிவிட்டார்.
தலையணையை உளி கிழித்துவிடும். பின்னால் இருப்பது முதுகு. சொன்னேன். நகரவில்லை. இன்னொரு தடவை சொல்கிறேன். அப்புறம்