பெண் எலிகள் எங்கே?

இன்று காலை ஆய்வுகூட விலங்கறையில் புது மரத்தூள் மூட்டையைப் பிரித்தேன். அந்த வாசம் எழும்பியதும், மூக்கைப் பொத்திக்கொண்டு தும்முகிற உன்னைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். நீ போய் ஒரு மாரி முடிந்துவிட்டது. என் கோபம் முடியவில்லையடி.

நாம் எலிகளை ஒடுங்கிய குழாய்க்குள் சிறிது நேரம் அடைத்து வைப்போம். பிறகு அகன்ற பெட்டிக்குள் விடுவோம். பயந்த எலி சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பயம் தெளிந்தது நடுவுக்கு வரும். மூளையில் வேலை செய்கிற அந்த மருந்தைக் கொடுத்த ஆண் எலிகள் நடுவுக்கு வந்தன. பெண் எலிகளோ, மருந்தே கொடுக்காதவற்றைவிட மோசமாக, மூலையில் உறைந்து கிடந்தன. ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி, "என்னகா இது, இப்பிடி நடுங்குது?" என்றாய்.

ஆய்வுக்குத் தலைமை தாங்கியவருக்கு அது வெறும் தொல்லை. "பெண் எலிகளை விடுங்க. ஹோர்மோன் குழப்பம். ஆண் எலிகளோட முடிப்பம்" என்றார்.

நீ கதிரையை விட்டு எழும்பினாய். "கிளினிக்கில இந்தக் குளிசையை ஆருக்கு சேர் குடுக்கிறாங்க? என்ட அம்மாக்கு!"

உன் ஊர் கதிரவெளியில் தம்பியைக் கடல் கொண்டுபோன பிறகு அம்மா நெடுநாளாக மருந்து குடித்துவந்தா. குளிசையை இந்த மருந்துக்கு மாற்றிய பிறகு பயம் கூடுது, கை நடுங்குது என்று சொன்னபோதெல்லாம், "அது உங்கட மனப்பிரமை" என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த கிழமையே ஆய்வுத் தலைவர் உன்னை ஆய்விலிருந்து நீக்கினார். நானும் விலகினேன். மாரியோடு வந்த டெங்கு உன்னைக் கொண்டுபோனது.

பிறகு ஒரு கருத்தரங்கு. அவர்தான் உனக்கு அஞ்சலி செலுத்த எல்லாரையும் எழும்பி நிற்கச் சொன்னார். "எங்கட கெட்டிக்காரப் பிள்ளை" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். உன்னைத் துரத்திய அதே வாய்! அடுத்த நிமிடமே திரையில் வரைபடம்: மருந்து எலிகளின் பயத்தைத் தணிக்கிறதாம். ஆண் எலிகள் என்றுகூடப் போடவில்லை. நான் எழும்பினேன்.

"பெண் எலிகள் எங்க சேர்?"

"இது அதுக்கான இடமில்ல."

"அப்ப எது இடம்?"

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் டொக்டர், "எனக்கும் அதுக்குப் பதில் வேணும்" என்றா. அதன்பிறகுதான், பெண் எலிகளையும் சேர்த்து ஆய்வை மறுபடி செய்யும்படி பல்கலைக்கழகப் பீடம் சொன்னது. இப்போது அதை நான்தான் செய்கிறேன். என்ன முடிவு வருமோ தெரியாது. எது வந்தாலும் மறைக்க விடமாட்டேன்.

போன கிழமை உன் அம்மாவோடு கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் நிமிர்ந்தும் பாராமல் அதே குளிசையையே எழுதத் தொடங்கினார். என் வாயிலிருந்து வந்தது உன் குரல்தான்: "எழுதிறதுக்கு முதல் அவவைக் கேளுங்க, டொக்டர்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். அம்மா மடிக்குள் ஒளித்து வைத்திருந்த கைகளை எடுத்து மேசைமேல் விரித்தா.

"பாருங்க மகன்" என்றா.