புதுப் பிட்சருக்கு ஒரு அறை

மகனுக்கு,

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். ஒவ்வொரு சொல்லும் ஆறுதலா, மெல்ல மெல்ல மனசில ஏறட்டும் எண்டுதான் தமிழில எழுதிறன்.

அரையிறுதியில, வெல்லவேண்டிய மேட்சை நீ பந்தெறிஞ்சு கெடுத்த பிறகு, எங்கட பேஸ்பால் கிளப்பில என்னத்தை மாத்தப்போறீங்கள் எண்டு எல்லாரும் என்னைக் கேக்கினம். கோச், கிரவுண்ட், உடுப்பு எல்லாம் என்ர காசில ஏற்கெனவே மாத்தியாச்சு. மிச்சம் நீதான்.

அமெரிக்காவிலயிருந்து, உன்ர இடத்தில பந்தெறிய, புதுப் பிட்சர் வாறான். வெளிநாட்டுப் பெடியளைக் கிளப் ஆக்களின்ர வீட்டிலதானே தங்க வைக்கிறது. உன்ர அறையைக் குடுத்திட்டன். நீ இப்ப நிக்கிற மாதிரி ஹோம்புஷில சிநேகிதன் வீட்டிலயே இரு. உன்ர சாமானெல்லாம் கராஜில கிடக்குது.

அம்மாவுக்கும் சொன்னனான். அவ அழேல்ல. வாற பெடியனுக்கு உறைப்புச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமோ எண்டு மட்டும் கேட்டவ.

அப்பா