கை நனைக்காத மூன்று பர்கர்

பிப்ரவரி 2, ஞாயிறு

சேலத்துப் பர்கர் கடை, மாடி மேசையில் இருந்தவர்கள்: நான், வீட்டுக்காரர், மகள் தனப்பிரியா. எதிரில் எடப்பாடி சின்னாயி அக்கா, அவர் மகன் குமரகுரு. ஐந்து பேர். வேறு யாரும் இல்லை.

பிரியாவும் அந்தத் தம்பியும் ஒரே ஆபீஸ். அவர்களுக்குள் முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் பார்த்துப் பேசத்தான் இன்று. "நம்ம ஊடும் வேண்டாம், அவங்க ஊடும் வேண்டாம், பொதுவான இடம்" என்று பிரியா இந்தக் கடையைச் சொன்னாள்.

சம்பந்தம் பேசி முடியும் முன்னே அவர்கள் தருவதில் கை நனைக்கக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். தைப்பூசத்துக்குக் கபிலர்மலையில் சாமியிடம் பூ கேட்டு, உத்தரவு கிடைத்த பிறகுதான் பதில் சொல்ல நினைத்திருந்தேன். அதனால் பஸ்ஸிலேயே சொல்லிக் கூட்டிப் போனேன் — தண்ணீர் மட்டும்.

தம்பி தட்டில் ஐந்து பர்கரும் வறுத்த உருளைக்கிழங்குக் குச்சியும் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் சைவம்தான். என் தைப்பூச விரதத்தை விசாரித்து வாங்கியிருக்கிறார்.

"ஏனுங் அம்மிணி, ஆறிப்போவுது. சாப்புடுங்க" என்றார் சின்னாயி அக்கா.

"வவுறு சரியில்லீங்க்கா." பொய். முருகா.

அவர் தன் பர்கரை இரண்டு கையாலும் பிடித்தார். சாறு முழங்கை வரை ஒழுகியது. "இதை எந்தப் பக்கம் கடிக்கறதுன்னே தெரியலீங்க!" என்று சிரித்தார். ஆனால் ஒரு துணுக்கு மிச்சம் வைக்கவில்லை. இந்த வயசில் என்ன ஆசையோ என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் பக்கம் பார்த்தார். மூன்று பர்கரும் காகிதம் பிரிக்காமல் இருந்தன. சிரிப்பு நின்றது. கையைத் துடைத்த காகிதத்தைச் சின்னதாக மடித்தார், இன்னும் சின்னதாக மடித்தார்.

"சரிங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பிப்ரவரி 3, திங்கள்

போன் வரவில்லை.

பிப்ரவரி 5, புதன்

இன்றும் இல்லை. பிரியா என்னோடு பேசுவதில்லை. இட்லி வைத்தால், "வவுறு சரியில்லை" என்கிறாள். குத்திக் காட்டுகிறாள். நான் முறையைத்தானே பார்த்தேன்? வேண்டாம் என்று என் வாயால் சொன்னேனா?

பிப்ரவரி 8, சனி

குமரகுருவுக்குத் திருச்செங்கோட்டில் வேறு பெண் பார்க்க வரும் வெள்ளிக்கிழமை போகிறார்களாம். அவருக்கே இஷ்டமில்லை, ஆனால் அம்மா பேச்சை மீற மாட்டாராம். இதை வீட்டுக்காரரிடம்தான் பிரியா சொன்னாள், என்னிடம் இல்லை. ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நீ செஞ்ச வேலை" என்றார் அவர்.

"நீங்களுந்தானே சாப்பிடலை?"

"நானா? நீ கை கழுவப் போனப்ப நாலு உருளைக்கிழங்குக் குச்சி தின்னேன். நான் அன்னைக்கே சம்மதம் சொல்லியாச்சு."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் மிஞ்சியது.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

கபிலர்மலை. நல்ல கூட்டம். பூ கேட்க வரிசையில் நின்றபோது பிரியா ஒன்பது நாள் கழித்து என்னிடம் மனசு விட்டுப் பேசினாள்.

"அந்த முறை உனக்கு மட்டுந்தான் தெரியுமாம்மா? அவரோட அம்மாவும் இந்தச் சீமைதானே? புருசன் போன பொறவு ஊரான் தறி ஓட்டித்தான் அவரைப் படிக்க வச்சாங்க. வெளியில ஒரு வாய் டீ குடிக்காதவங்க. அன்னைக்கு எதுக்கு முழுசாச் சாப்பிட்டாங்கன்னு நெனைக்கறே?"

ஐயோ.

அவர் அங்கேயே சம்மதம் சொல்லியிருக்கிறார். கையால் சொல்லியிருக்கிறார். நான் எதிரே உட்கார்ந்து, வேண்டாம் என்று பதில் சொல்லியிருக்கிறேன். அதுவும் அவர் சாப்பிடுவதை மனசுக்குள் கேலி பண்ணிக்கொண்டு. தறி ஓட்டினவள் என்ற இளக்காரம் என்றுதானே நினைத்திருப்பார்?

வரிசையை விட்டு வெளியே வந்தேன். "பூ கேக்கலையா?" என்றாள். என் மனசு எனக்கே தெரிந்துவிட்டது, சாமியை எதற்குத் தொந்தரவு பண்ணோணும்? கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

பிப்ரவரி 12, புதன்

சின்னாயி அக்காவுக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. பிரியாவைக் கேட்காமல், போனில் நானே எழுத்துத் தேடித் தேடி அனுப்பியது:

"அக்கா, வணக்கமுங்க. வவுறு சரியில்லைன்னது பொய்யிங்க. நீங்க சொன்னது எனக்கு அன்னைக்குப் புரியலீங்க, நேத்துத்தான் புரிஞ்சுது. மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு நாங்க மூணு பேரும் உங்கூட்டுக்குச் சாப்பிட வாரோமுங்க. இலை போட்டு நீங்களே பரிமாறோணும். எத்தனை மணிக்கு வரட்டுங்க? சீக்கிரம் ஒரு பதில் போடுங்க."